பத்தொன்பது புள்ளி

"பூஜ்யமாயிருச்சுங்க" என்றான் நாச்சிமுத்து.

இரண்டு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. செருப்பை வாசலில் விடவும் மறந்திருந்தான்.

கோகிலவாணி கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "எது?"

"இருநூத்திப் பன்னண்டு நாளுங்க. ஒரே ஒரு நாள் விட்டேன். பூஜ்யம்."

"செருப்பு" என்றாள் அவள்.

நாச்சிமுத்து திரும்பிப் போய்க் கழற்றிவிட்டு வந்தான்.

திருப்பூரில் ஒரு நூல் கடைக்கு மேலே இருந்தது அவளுடைய அறை. ஜப்பானுக்குப் பனியன் அனுப்பும் கம்பெனிகளின் கடிதமும் அறிக்கையும் அவள் மேஜை வழியாகத்தான் போகும், வரும். எந்தக் கல்லூரியிலும் அந்த மொழியை அவள் படித்ததில்லை. தானாகவே படித்து, கடைசி நிலைத் தேர்வு வரை எழுதித் தேறியவள். வயது முப்பத்து மூன்று. ஊரில் அவளைச் சென்செய் என்றே சொல்வார்கள். ஜப்பானில் ஆசிரியரை அப்படித்தான் கூப்பிடுவார்களாம்.

ஆனால் அவள் யாருக்கும் பாடம் நடத்தியதில்லை. கேட்டு வந்தவர்களையெல்லாம் திருப்பி அனுப்பினாள். போகாமல் நின்றவன் நாச்சிமுத்து ஒருவன்தான். படிக்கிறது உங்கள் பாடு, சந்தேகம் என்றால் ஞாயிற்றுக்கிழமை வாருங்கள் என்று சொல்லிவைத்தாள். நான்கு வருஷமாக வருகிறான். ஒரு சந்தேகத்தோடு வந்தால் பெரும்பாலும் இரண்டு சந்தேகத்தோடு திரும்புவான்.

அவன் தையல் மெஷின் மெக்கானிக். நாற்பத்தேழு வயது. ஜப்பான் ஓவர்லாக் மெஷின்களை இருபது வருஷமாகப் பிரித்து மாட்டுகிறவன். மெஷினோடு வந்த கையேட்டின் இங்கிலீஷை நம்பி ஒருமுறை ஊசியைத் தாங்கும் நீடில் பாரையே வளைத்துவிட்டான். இனிமேல் மூலத்தைத்தான் படிப்பது என்று அன்றைக்கு முடிவு செய்தான்.

அவனிடம் ஒரு கேள்வியும் இருந்தது. அந்த மெஷினின் அடிவயிற்றில், விரல் நுழையாத ஓர் இடத்தில் ஒரு ஸ்க்ரூ இருக்கிறது. அதைக் கழற்றப் போய் அவன் இழந்த நகங்கள் கொஞ்சமல்ல. அதை அங்கே வைத்த மனுஷனை நேரில் பார்க்க வேண்டும். ஏனய்யா இங்கே வைத்தாய் என்று அவன் பாஷையிலேயே கேட்க வேண்டும்.

அதற்கு வழியும் வந்திருந்தது. அவன் வேலை பார்க்கும் கம்பெனி ஒரே ஒரு மெக்கானிக்கை ஒரு மாதப் பயிற்சிக்கு, அந்த மெஷினைச் செய்யும் ஜப்பான் தொழிற்சாலைக்கே அனுப்பப் போகிறது. போகிறவன் நான்காம் நிலைத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். போன வருஷம் மூன்று மதிப்பெண்ணில் தவறவிட்டான். இந்த வருஷம் விட்டால் வேறொருவன் போவான். தேர்வுக்கு விண்ணப்பிக்க இன்று பகல் பன்னிரண்டு மணியோடு சரி. எல்லாவற்றையும் நிரப்பிப் போனில் வைத்திருந்தான். கடைசிப் பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

அதை அழுத்தப் போவதில்லை என்று சொல்லத்தான் வந்திருந்தான்.

"உக்காந்து சொல்லுங்கண்ணா" என்றாள் கோகிலவாணி.

உட்கார்ந்து சொன்னான்.

அவன் போனில் ஒரு பாடச் செயலி. தினமும் ஒரு பாடம் முடித்தால் அதில் விளக்கு எரியும், பக்கத்தில் நாள் எண்ணிக்கை ஏறும். ஒரு நாள் விட்டால் விளக்கு அணைந்துவிடும், எண்ணிக்கை பழையபடி பூஜ்யத்தில் நிற்கும். வெள்ளிக்கிழமை மச்சினன் குழந்தைக்குக் காதுகுத்து. காங்கயம் தாண்டிக் குலதெய்வக் கோயில். அங்கே சிக்னலும் கிடையாது. கிடாக்கறியைத் தின்றுவிட்டு வேப்பமரத்தடியில் சாய்ந்தவனைத் தூக்காத குறையாக வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். சனிக்கிழமை காலையில் பார்த்தால் விளக்கைக் காணோம்.

விளக்குத்தானே, நான் ஏற்றி வைக்கிறேன் விடுங்கள் என்றாளாம் அவன் மனைவி தெய்வானை. ஃபேக்டரியில் இன்னும் மோசம். எண்ணெய்க்கு ஜப்பானில் அபுரா என்று அவன் ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட, தையல்கார அம்மணிகள் அன்று முதல் அவனையே அபுரா அண்ணன் ஆக்கிவிட்டார்கள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் அந்தப் பெயரோடுதான் அவன் ரிட்டயர் ஆக வேண்டும்.

கோகிலவாணி சிரிக்கவில்லை. தட்டச்சு செய்துகொண்டே கேட்டாள்.

"இருநூத்திப் பன்னண்டு நாள்ல என்ன படிச்சீங்கண்ணா?"

நாச்சிமுத்து மின்விசிறியைப் பார்த்தான்.

"பாதி நாள், இது நாய், அது பூனைங்க."

"முதல் பாடமா?"

"ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சுருமுங்க. விளக்கு அணையக் கூடாதுங்களே."

"அந்த நாய் இந்நேரம் குட்டி போட்டிருக்கும்" என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. பிறகு, நான்கு வருஷமாகச் சொல்லாததைச் சொன்னான்.

"விளக்கு கெடக்குதுங்க. அது ஒரு சாக்கு. படிக்கறது நிக்க மாட்டேங்குது. பத்து படிச்சா ஒம்பது ஓடிப் போயிருது. போன மாசம் நல்லாத் தெரிஞ்ச வார்த்தை இன்னைக்கு யாரோ மாதிரி நிக்குது. உங்களுக்கு ஒருக்காப் பாத்தாப் போதும். என்ர மண்டை அப்படி இல்லீங்க."

அவன் அப்படித்தான் நம்பியிருந்தான். இந்த நான்கு வருஷத்தில் அவள் ஒரு புத்தகத்தைத் திறந்து அவன் பார்த்ததில்லை.

கோகிலவாணி நாற்காலியை அவன் பக்கம் திருப்பினாள். மேஜை மேலிருந்த காகிதங்களை அவன் பக்கம் தள்ளினாள். பதினொன்றரைக்குள் இதை இங்கிலீஷில் அனுப்பியாக வேண்டும் என்றாள். கண் எரிகிறது, நீங்கள் படியுங்கள், நான் அடிக்கிறேன் என்றாள்.

நாச்சிமுத்து காகிதத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினான். அது ஜப்பானிலிருந்து வந்த தரச்சோதனை அறிக்கை, கையால் எழுதியது. எழுதிய மனிதர் நல்லவர்போல. கடினமான எழுத்துகளுக்கு மேலெல்லாம் அதன் ஓசையைப் பொடி எழுத்தில் போட்டிருந்தார்.

படிக்க ஆரம்பித்தான். எழுத்துக் கூட்டி, தடுக்கி, திரும்பப் படித்து. அவள் அவசரப்படுத்தவில்லை. அவன் நின்ற இடத்தில் அவளும் நின்றாள். இடது கை, மூன்றாவது அளவு, கழுத்துப் பட்டி என்று வரி வரியாக நகர்ந்தது. பாதிக்கு மேல் தனக்கே புரிகிறது என்பதை அவன் கவனிக்கவில்லை.

"தோள் தையலில், ஹிகித்சுரே" என்று படித்தான்.

அவள் விரல்கள் நின்றன.

"அப்படின்னா?"

சோதிக்கிறாள் என்று நினைத்தான். "பக்கரிங்குங்க. தையல் இழுத்துத் துணி சுருங்கிக்கறது. நூல் டென்ஷன் ஜாஸ்தியானா வரும். இதுக்குத்தான் தினமும் என்னைத் திட்டறாங்க."

"சரிதானான்னு பாத்துருவோம். அந்தப் பச்சை அட்டையை எடுங்க."

அலமாரியின் மேல் தட்டில், கோப்புகளுக்குப் பின்னால் கிடந்தது. பழைய காலண்டர் மூட்டை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தான். இறக்கினால் அது அகராதி. ஒரு கை தாங்காத கனம். முதுகு பிய்ந்து, துணி ஒட்டி, அந்தத் துணியும் நைந்திருந்தது.

அவள் விரல் பக்கங்களைத் தள்ளியது, இறங்கியது, நின்றது. படித்தாள். தலையை ஆட்டினாள். கொண்டையில் செருகியிருந்த பென்சிலை உருவி, அந்த வார்த்தைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பென்சிலை மறுபடி கொண்டையில் செருகினாள்.

நாச்சிமுத்து எட்டிப் பார்த்தான்.

புள்ளி ஒன்றல்ல. எறும்புச் சாரை மாதிரி ஒரு வரிசை.

"இது என்னங்க?"

"எடுத்துப் பாக்கறப்பெல்லாம் ஒண்ணு வெப்பேன்."

எண்ணினான். இன்றையதோடு பத்தொன்பது.

அகராதியைத் தன் பக்கம் இழுத்துப் புரட்டினான். ஒன்று, ஐந்து, பதினொன்று. புள்ளி இல்லாத பக்கத்தைத் தேடிப் பார்த்தான். சட்டென்று அகப்படவில்லை. நூல் என்கிற வார்த்தை கண்ணில் பட்டது. முதல் மாதமே அவனுக்கு மனப்பாடமானது. அதன் பக்கத்தில் நான்கு.

"இந்த ஒரு வார்த்தையைப் பத்தொம்பது தடவை மறந்தீங்களா?"

"பத்தொம்பது தடவை எடுத்துப் பாத்தேன்."

டீ குடித்தேன் என்பதைப் போலச் சொன்னாள்.

கீழே தெருவில் பண்டல் ஏற்றும் ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து அந்தப் புள்ளிகளையே பார்த்தான். பழைய புள்ளிகள் மங்கியிருந்தன. கடைசிப் புள்ளி மட்டும் மினுமினுத்தது. வரிசை தாளின் விளிம்பைத் தொட்டிருந்தது.

"ஓரம் வரைக்கும் வந்துருச்சுங்களே. மறுபடி பாத்தா, புள்ளி வெக்க எடமில்லையே?"

"பென்சிலை இன்னும் கூராச் சீவிக்குவேன்" என்றாள் கோகிலவாணி. "அடுத்த வரி."

"ஒரு நிமிஷமுங்க."

போனை எடுத்தான். மணி பதினொன்று பத்து. விண்ணப்பத்தின் அடியில், உறுதிதானா என்று ஜப்பானிய மொழியில் கேட்டிருந்தது. உதடு அசைய, ஓர் எழுத்து விடாமல் படித்தான்.

அழுத்தினான்.

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, அறிக்கையை விட்ட இடத்திலிருந்து படிக்கத் தொடங்கினான்.