கறுப்புக்குப் போட்ட மார்க்

இன்பராஜுக்கு ஐம்பத்தொரு வயது. அவருடைய ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியை நிலோபருக்கு முப்பத்தெட்டு. அவர் இவரை மேடம் என்பார், இவர் அவரை சார் என்பார். ஆய்வகத்தில் அது எல்லோருக்கும் பழகிவிட்டது.

அன்று காலை இன்பராஜ் உட்காரவே இல்லை. தங்கை ஜெபமலருக்கு மார்பில் ஒரு கட்டி. ஸ்கேனில் பதிவான ஒலியலைத் தரவை மருத்துவமனையில் கேட்டு வாங்கிவந்து, அதைப் படமாக்கத் தன் ஆய்வில் ஒப்பிட்டுவரும் நாலு முறைகளிலும் போட்டுப் பார்த்திருந்தார். புற்றா என்று பார்க்கப் பதினோரு மணிக்கு அவளுக்கு ஊசிச் சோதனை. போகணுமா வேண்டாமா என்று படித்த அண்ணன்தான் சொல்லணுமாம். அதற்குள் மூன்று முறை போன் அடித்துவிட்டாள், பாவம்.

"மேடம், ஸ்கேன் கருவிக்கு எதிரொலி கேக்க நூத்திருபத்தெட்டு காது. பழைய முறைக்கு எல்லாக் காதும் ஒண்ணுதான். அதுல கட்டிக்குள்ள லேசாச் சாம்பல் தெரியுது. என் முறை ஒவ்வொரு புள்ளிக்கும் எந்தக் காதை எவ்வளவு நம்பணும்னு தானே முடிவு பண்ணுது. அதுல கன்னங்கரேல்னு இருக்கு. கறுப்புன்னா வெறும் தண்ணி, ஊசியே வேண்டாம்; சாம்பல்னா கெட்டி, குத்தியே ஆகணும். எது சரி? நீங்களே சொல்லுங்க."

நிலோபர் பிரிட்ஜைத் திறந்து ஒரு கடல்பாசி அச்சை எடுத்து மேசையில் வைத்தார். உடம்புக்குப் பதிலாக ஸ்கேன் செய்து பார்க்க அங்கே காய்ச்சுவது. தசை மாதிரிச் சாம்பலாகத் தெரிய அதில் சோள மாவு கலப்பார்கள்.

"நேத்து நான் காய்ச்சினது. உங்க முறையில பாருங்க சார்."

பார்த்தார். நடுவில் ஒரு வட்டம், மை மாதிரி.

"தண்ணி மேடம்! சுத்தமான தண்ணி!"

நிலோபர் கத்தியை எடுத்து அச்சைக் குறுக்கே வெட்டினார். ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. வட்டம் தெரிந்த இடத்தில் கெட்டியாகக் கடல்பாசிதான் இருந்தது. மாவு மட்டும் கொஞ்சம் குறைச்சல்.

இன்பராஜ் விரலால் அழுத்திப் பார்த்தார். மறுபடியும் அழுத்தினார்.

"இந்த மூணு வருஷமா அச்சுல குழி விட்டு என்ன ஊத்தினீங்க?"

"தண்ணி... தண்ணி மட்டும்தான்."

"ரொம்பக் கறுப்பாக் காட்டுற முறைக்குத்தான் மார்க்னு வெச்சது யாரு?"

"நான்தான் மேடம். அதான் கொஞ்சம் மங்கலா இருந்தாலே கறுப்பாக்கிடுதா?"

கொஞ்ச நேரம் அங்குமிங்கும் நடந்தார்.

"அப்போ பழைய முறைதான் சரியா? அந்தச் சாம்பல் நிஜமா? சொல்லித் தொலைங்களேன் மேடம்!"

"அது தண்ணிக்குள்ளயும் சாம்பல் காட்டும் சார்."

போன் அடித்தது. ஜெபமலர். இன்பராஜ் அதைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபடியே நின்றார்.

"அவகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"தெரியலைன்னு சொல்லுங்க. சொல்லிட்டு, நீங்களே ஊசிக்குக் கூட்டிட்டுப் போங்க."