கத்தி பிடித்தவரின் ஒளிவட்டம்

“கொள்ளைக்காரன் தலைக்கு எதற்கு, சுவாமி, ஒளிவட்டம்?” என்று ஓவியர் உகோலினோவிடம் கேட்டான் நேரி.

தஸ்கனி மலையில் ஒரு துறவு மடம். அதன் கோயில் பீடத்தில் வைக்கும் ஓவியப் பலகையில் புனித லப்போவின் வாழ்க்கை ஐந்து காட்சிகளாக வர வேண்டும். கடைசியில் லப்போ சாகிறார், வானிலிருந்து சம்மனசுகள், தேவதூதர்கள், இறங்குகிறார்கள். முதல் காட்சியில் அவர் இளைஞர். வழிப்போக்கன் கழுத்தில் கத்தி வைத்திருக்கிறார்.

நேரி நாற்பதைத் தாண்டியவன். முன்பு கூலிப்படையில் இருந்தவன். மறுநாள் அவன் வார்த்தைப்பாடு கொடுத்துத் துறவியாக வேண்டும். ஆனால் மூட்டை கட்டிக் கதவோரம் வைத்திருந்தான்.

மடத்து ஓவியர் உகோலினோ மூட்டையைப் பார்த்தார். போவதற்கு முன் முதல் காட்சியில் லப்போவின் ஒளிவட்டத்துக்கு மெல்லிய தங்கரேக்கு ஒட்டிவிட்டுப் போகச் சொன்னார்.

“அப்போது அவர் புனிதர் இல்லையே” என்றான் நேரி.

“இல்லை.”

“மனம் திரும்பிய காட்சியிலிருந்து ஒட்டலாமே.”

“ஒட்டலாம். ஆனால் இந்தக் காட்சியில் மூன்று திருடர்கள் நிற்கிறார்கள். லப்போ யார் என்று சனங்களுக்கு நீ போய்ச் சொல்வாயா?”

முகத்தையாவது முதலில் வரையுங்கள், பார்த்துவிட்டு ஒட்டுகிறேன் என்றான் நேரி. பலகை வேலையில் அப்படிக் கிடையாது என்றார் உகோலினோ. தங்கம் முதலில், முகம் பிறகு.

நேரி உட்கார்ந்தான். தலையைச் சுற்றி ஒளிவட்டம் வர வேண்டிய இடத்தில், தங்கம் பிடிப்பதற்காகச் செங்களிமண் பூசியிருந்தது. ரேக்கை வைத்தான். சுருண்டு விழுந்தது. இன்னொன்றும் விழுந்தது.

உகோலினோ பலகையைப் பார்க்கவில்லை. இறுக மூடியிருந்த அவன் வாயைப் பார்த்தார்.

“ஏன் மூச்சை அடக்குகிறாய்? ரேக்கு பறந்துவிடும் என்றா?”

“இல்லை.”

“பின்னே எதற்கு?”

“ஒரு மாவு ஆலையைக் கொளுத்தினேன், சுவாமி. உள்ளே ஆட்கள் இருந்தது தெரியும். என் மூச்சு இதில் பட வேண்டாம்.”

உகோலினோ களிமண்ணை விரல் நுனியால் தொட்டுப் பார்த்தார்.

“காய்ந்துவிட்டது. மூச்சின் ஈரம் பட்டால்தான் தங்கம் பிடிக்கும்.”

“நீங்கள் ஊதுங்களேன்.”

“நான் ஊதினால் இருமல்தான் வரும்.”

நேரி மூட்டையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு பலகைமேல் குனிந்து, வாய் திறந்து, மெல்ல மூச்சு விட்டான். ரேக்கை வைத்தான்.

பிடித்துக்கொண்டது.

“இன்னும் நான்கு காட்சி இருக்கிறது” என்றார் உகோலினோ.