வாலாட்டியின் சுருக்குப் பை

காட்டை ஒட்டிய ஓர் ஊரில், தையல் கடையின் பின்சுவரை ஒட்டிய வேப்பமரத்தில் ஓர் அணில் இருந்தது. தையற்காரர் வீசும் வெட்டுத் துணிகளைப் பொறுக்கி, விதவிதமாகத் தைப்பதில் அது கெட்டிக்காரி.

அதன் உயிர்த்தோழி ஒரு வாலாட்டிக் குருவி. குளிர்காலம் முழுக்க இங்கே இருக்கும். பங்குனி வெயில் ஏறியதும் கூட்டத்தோடு வடக்கே பனிமலைக்குப் போய்விடும். அப்புறம் அணிலுக்குப் பழம்கூடத் தொண்டையில் இறங்காது, பாவம்.

அந்தப் பங்குனியில் குருவி வந்து கேட்டது. "வழியில கொறிக்கக் காய்ஞ்ச ஈசல் கொண்டுபோகணும்டி. கழுத்துல மாட்டிக்க ஒரு சுருக்குப் பை தைச்சுத் தாயேன். நாளைக்குக் கூட்டம் கிளம்புது."

"அதுக்கென்ன, தைச்சுட்டாப் போச்சு!" என்றது அணில். மனமோ, போகாதே போகாதே என்று அடித்துக்கொண்டது.

பூப்போட்ட துண்டையும் கட்டம் போட்ட துண்டையும் இணைத்துப் பை தைத்தது. வாயை மடித்து உள்ளே நாடாவைக் கோத்தது. மடிப்பைத் தைக்கும்போது, வேண்டுமென்றே நாடாவையும் சேர்த்துத் தைத்துவிட்டது.

மறுநாள் குருவி நாடாவை இழுத்துப் பார்த்தது. பை சுருங்கவில்லை.

"என்னடி இது, வாய் மூடவே மாட்டேங்குது? ஈசலெல்லாம் கொட்டிடுமே!"

"அடடா, தப்பாத் தைச்சுட்டேன். பிரிச்சுத் தைக்கிறேன். ஒரு நாள் பொறுத்துக்கோ."

கூட்டம் பறந்துவிட்டது. குருவி தங்கிவிட்டது. அணிலுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அடுத்த முறையும் நாடாவைச் சேர்த்தே தைத்தது. அதற்கடுத்த முறையும் அப்படியே.

வெயில் கொளுத்தியது. ஓடை வற்றியது. குருவி அலகைத் திறந்தபடி நிழலில் சுருண்டு கிடந்தது.

அணிலுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. "பை இல்லாமலே நீ போயிருக்கலாமேடி?"

"எனக்காக நீ இவ்வளவு பாடுபட்டுத் தைக்கிற. அதை விட்டுட்டு எப்படிடி போவேன்?"

அணில் கூனிக் குறுகிப் போனது. உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. ஒரே மூச்சில் தையலைப் பிரித்து, நாடாவைத் தொடாமல் மடிப்பின் ஓரத்தில் மட்டும் தைத்தது. இப்போது நாடா வழுக்கிக்கொண்டு ஓடியது.

குருவி பையை மாட்டிக்கொண்டு, தன்னந்தனியாக வடக்கே பறந்தது.

அணில் உச்சிக்கிளையிலேயே உட்கார்ந்து ஏங்கியது. ஐப்பசி பிறந்ததும் வாலாட்டிக் கூட்டம் வந்து இறங்கியது. அணில் ஓடிப்போய் ஒவ்வொரு முகமாகத் தேடியது.

"என் தோழி எங்கே?"

கூட்டத்தின் தலைவி திகைத்து நின்றது.

"அவ அங்க வரவே இல்லையே! உன்கூடத்தான் இருக்கான்னு நெனச்சோம்."

நீதி: அன்பு வைத்தவர் புறப்படும் வேளையில் அவரைத் தடுத்து வைக்காதே.