ஆலா ஏன் காற்றைப் பார்த்தே நிற்கிறது

காற்றுக்கும் வாய் இருந்த காலம் அது. பறவைகள் மனிதர்களோடு பேசின, மனிதர்கள் மீன்களோடு சண்டை போட்டார்கள். யாருக்கும் அது வியப்பாகப் படவில்லை.

மேற்கே மலை இரண்டாகப் பிளந்து நிற்கும் கணவாய் வழியாகக் காற்று இறங்கி வரும். அதற்குக் கீழே ஆறு அகன்று விரிந்து கிடக்கும். ஆற்றுக்குள் ஒரு மணல்திட்டு. அங்கே ஆலா என்னும் மீன்பிடிக்கும் ஆற்றுப்பறவை ஒருத்தி தனியாக வாழ்ந்துவந்தாள். சாம்பல் நிற முதுகு, கறுப்புக் குல்லாய் போட்டாற்போன்ற தலை, மஞ்சள் அலகு. அவள் குஞ்சாக இருந்தபோது வந்த ஒரு வெள்ளத்தில் அவளுடைய கூட்டம் கீழாற்றுக்குப் போய்விட்டது. திரும்பி வருவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை.

காற்று கணவாயைத் தாண்டியதும் முதலில் தொடும் இடம் அந்தத் திட்டுதான். அதனால் விடியும்போதே ஒரு மெல்லிய மூச்சை முன்னால் அனுப்பி அவளிடம் சொல்லிவிடும்.

"ஏ புள்ள, இன்னைக்கு உச்சி சாஞ்சதுக்கு அப்புறம் வர்றேன். வடகரைப் பக்கம் கொஞ்சம் பலமா இருக்கும்."

"சரி, பாத்து வா" என்பாள் ஆலா.

ஆனி மாதம் பிறந்தால் ஆற்றில் பரிசல் போட்டி. திட்டின் முனையில் புறப்பட்டு, கண்ணுக்கு எட்டாத தூரத்தில் ஆறு வளையும் இடத்தில் நிற்கும் மருத மரத்தைத் தொட வேண்டும். மூங்கில் பரிசல் வட்டமானது. அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. நடு ஆற்றில் காற்று பிடித்துக்கொண்டால் பம்பரமாகச் சுற்றிக் கவிழ்ந்துவிடும். ஆகவே பரிசலை இறக்கும் முன்னால் எல்லோரும் முழங்கால் தண்ணீரில் நடந்து திட்டுக்கு வந்து ஆலாவைக் கேட்பார்கள்.

"ஏனுங்கம்மிணி, காத்து வருமுங்களா?"

ஆலா பதில் சொல்வாள். பதில் கிடைத்ததும் பரிசல்கள் கிளம்பிவிடும். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் கரையோரமாகவே மருத மரத்துக்கு ஓடிவிடுவார்கள். நீர்நாய்கள்கூடக் குட்டிகளை இழுத்துக்கொண்டு பின்னாலேயே போகும். கொஞ்ச நேரத்தில் திட்டில் காலடித் தடங்கள் மட்டும் இருக்கும். ஆலா அந்தத் தடங்களின் ஓரமாக நடந்து பார்ப்பாள். வளைவுப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று மட்டும் கேட்காது.

அந்த வருஷம் கடைசிப் போட்டி நாள். விடியலில் காற்று சொன்னது: "இன்னைக்கு நான் வரல. மலைக்கு அந்தப்பக்கம் மழை. அங்கேயே இருந்துக்கறேன்."

பரிசல் விட அதைவிட நல்ல நாள் கிடைக்காது. கரை முழுக்கக் கூட்டம். துடுப்பில் கெட்டிக்காரியான நாச்சாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"சொல்லுங்கம்மிணி. இறக்கலாமுங்களா?"

ஆலா அவர்களைப் பார்த்தாள். காற்று வராது என்று சொன்னால் இத்தனை முகங்களும் இப்போதே முதுகாகிவிடும்.

"காத்து வரும்" என்றாள். "கொஞ்ச நேரத்துலயே வரும். இருந்து பாத்துட்டுப் போங்க."

அவள் அதுவரை பொய் சொன்னதில்லை. எல்லோரும் நம்பினார்கள். பரிசல்களை மணலில் இழுத்துக் கவிழ்த்து, ஒருபக்கம் கோலால் முட்டுக்கொடுத்து, அந்த நிழலில் உட்கார்ந்தார்கள். பொரிகடலை மூட்டை அவிழ்ந்தது. ஆலாவுக்கும் ஒரு பிடி வைத்தார்கள். அவள் பொரி தின்னமாட்டாள். ஆனாலும் ஒவ்வொன்றாக எடுத்து அலகில் வைத்துக்கொண்டாள்.

வெயில் ஏறியது. ஒரு நாணல்கூட அசையவில்லை. செங்கோடன் என்ற பரிசல்காரன் எழுந்து வானத்தைப் பார்த்தான்.

"ஏனுங்கம்மிணி, உங்க காத்து வழியில எங்காச்சும் விருந்துக்குப் போயிருச்சாட்ட இருக்குது!"

"உனக்கென்னடா அவசரம்?" என்றாள் நாச்சாள். "காத்து வந்தாலும் வராட்டியும் நீ கடைசிதானே."

"கடைசியா வந்தாத்தானக்கா அத்தனை பேரு முதுகையும் பாக்க முடியுது."

எல்லோரும் சிரித்தார்கள். ஆலாவும் சிரித்தாள். என்ன சொல்லிச் சிரித்தார்கள் என்று இந்தத் தடவை அவளுக்குத் தெரிந்திருந்தது. இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். "வந்துட்டே இருக்குது" என்று சொன்னாள்.

பொழுது சாய்ந்தது. போட்டியை மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்கள். பரிசலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு செங்கோடன் சலித்துக்கொண்டான்: "பாழாப்போன காத்து! வந்தும் கெடுக்குது, வராமலும் கெடுக்குது." போகிற வழியெல்லாம் ஆளுக்கொரு வசவு வைதார்கள். காற்றில்லாத நாளில் சத்தம் வெகுதூரம் போகும்.

எல்லோரும் போன பிறகு திட்டின் மணல் லேசாகப் புரண்டது.

"நான் வர்றேன்னு சொன்னேனா?" என்றது காற்று.

ஆலா தலையைக் குனிந்துகொண்டாள்.

"வந்த நாள்ல திட்டுவாங்க, அது பழகிப்போச்சு. இன்னைக்கு நான் வரவே இல்லியே புள்ள."

"எனக்கு ஒரு நாளாவது கூட ஆளு வேணும்னு இருந்துச்சு."

காற்று திட்டை ஒருமுறை மெல்லச் சுற்றி வந்தது.

"என்னைக் கண்டா மரம் குனிஞ்சுக்குது. ஆளுங்க கதவைச் சாத்திக்கறாங்க. நின்னு பேசினது நீ ஒருத்திதான். தெனமும் விடியறப்பவே அதுக்குத்தான் வந்தேன். நான் இருந்தது உனக்குத் தெரியவே இல்லியா?"

ஆலா நிமிர்வதற்குள் மணல் அடங்கிவிட்டது.

மறுநாள் விடிந்தது. மெல்லிய மூச்சு வரவில்லை. ஆலா காத்திருந்தாள். வெயில் வந்தது, ஆட்கள் வந்தார்கள்.

"என்னுங்கம்மிணி, இன்னைக்காவது இறக்கலாமுங்களா?"

தெரியாது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. தெரியாது என்றால் ஏன் தெரியாது என்று கேட்பார்கள். ஆறு கண்ணாடிபோலக் கிடந்தது. "வராது. போங்க" என்றாள்.

பரிசல்கள் நடு ஆற்றுக்குப் போனபோது கணவாயிலிருந்து காற்று ஒரேயடியாக இறங்கியது. முன்னால் போன நாச்சாளின் பரிசல் மூன்று சுற்றுச் சுற்றிக் கவிழ்ந்தது. துடுப்பு ஒருபக்கம், அவள் ஒருபக்கம். கரையில் பெண்கள் அலறினார்கள்.

ஆலா பறந்தாள். நாச்சாளின் தலை தெரிந்த இடத்துக்கு நேர் மேலே, காற்றுக்கு எதிராக, சிறகை அடித்துக்கொண்டு ஒரே இடத்தில் நின்றாள்.

"நிறுத்து! கோவம் எம்மேலதானே? என்னைத் தள்ளு! அந்தப் பொம்பள என்ன பண்ணுச்சு?"

 காற்று வீசியது, அவ்வளவுதான். ஆலா தொண்டை கிழியக் கத்தினாள். முன்னே போகவும் முடியாமல், பின்வாங்கவும் மனமில்லாமல் அப்படியே நின்றாள். அவள் நின்ற இடத்தைக் குறிவைத்துச் செங்கோடன் பரிசலைத் தள்ளிக்கொண்டு வந்து, நாச்சாளின் முடியைப் பிடித்து மேலே தூக்கினான்.

கரையில் தண்ணீர் கக்கி எழுந்து உட்கார்ந்த நாச்சாளிடம் ஆலா எல்லாவற்றையும் சொன்னாள், முந்தின நாள் பொய்யையும் சேர்த்து. செங்கோடன் வாயைத் திறந்தான். நாச்சாள் கையைக் காட்டி அடக்கினாள்.

"கூட இருங்கன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, சும்மாவே உக்காந்திருப்போமேம்மிணி."

அதில் கோபம் இல்லை. ஆனால் அதன்பிறகு யாரும் திட்டுக்கு வந்து காற்றைப் பற்றிக் கேட்கவில்லை. பரிசலை இறக்கும் முன்னால் ஒரு பிடி உலர்ந்த மணலை எடுத்து விரல் வழியே விட்டு, அது சாயும் பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆலா மட்டும் அந்த மெல்லிய மூச்சை எதிர்பார்த்துத் தினமும் விடியலில் மேற்கே திரும்பி நின்றாள்; அது மறுபடி வரவே இல்லை. பின்னாளில் கீழாற்றிலிருந்து ஓர் ஆண் ஆலா வந்தது, குஞ்சுகள் பிறந்தன. அவையும் காரணம் கேட்காமல் அம்மா பார்த்த பக்கமே பார்த்து நின்றன.

ஆற்று ஆலாக்கள் எத்தனை கூடினாலும் மணல்திட்டில் காற்றைப் பார்த்தே நிற்பதும், தண்ணீருக்கு மேலே சிறகடித்து ஒரே இடத்தில் நின்று கத்துவதும், பிறகு ஒரு கணம் சும்மா இருந்து காதுகொடுப்பதும் அன்றைக்குத் தொடங்கியதுதான்.