மதலேனாள் அக்காவின் ஐம்பதாவது பிறந்தநாள் விருந்து

கொட்டாவிவிளை எங்கே இருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் "இங்கேதான் இருக்கு" என்பார்கள். அவர்கள் பொய் சொல்லும் ஆட்கள் இல்லை.

அந்த ஊரில் ஒரு தகப்பனார், குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ஞானிகளின் பெயரைத் தம் மூன்று மகன்களுக்கும் வைத்தார்: கஸ்பார், மெல்கியோர், பல்தசார். அந்தக் குடும்பத்துக்கும் ஞானத்துக்கும் இருந்த தொடர்பு ஞானஸ்நானத்தோடு முடிந்தது.

மூவருக்கும் மூத்தவள் மதலேனாள். அம்மா போன பிறகு பதினாலு வயதில் கரண்டியைக் கையில் எடுத்தவள் இன்னும் கீழே வைக்கவில்லை. தம்பிகளுக்கும் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்த்துவிட்டு வரச் சொன்னால் போவார்கள், பார்ப்பார்கள், வந்துவிடுவார்கள்.

அக்காவுக்கு ஐம்பது வயது ஆகப்போகிறதே, என்ன வேண்டும் என்று தம்பிகள் கேட்டார்கள். அவள் யோசிக்கவே இல்லை.

"நான் சும்மா உக்காந்திருக்கணும். வேற யாராவது சமைச்சுக் கொண்டாந்து என் முன்னால வைக்கணும். 'இன்னும் கொஞ்சம் வைக்கட்டா'ன்னு ஒருத்தர் என்னைக் கேக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்லே."

தம்பிகள் கடற்கரையில் இருந்த பெரிய ஓட்டலில் ஒரு நாள் தங்குவதற்கு ஏற்பாடு செய்தார்கள். சாயங்காலம் ஆறரைக்கு, மெழுகுவத்தி வெளிச்சத்தில், ஏழு வகை விருந்து.

ஓட்டல் வாசலில் கோட்டுப் போட்ட மேனேஜர் கும்பிட்டு நின்றார். "இதை உங்க சொந்த வீடா நினைச்சுக்கணும்" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். எல்லோரும் சிரித்துவிட்டு உள்ளே போவார்கள். இவர்கள் சிரிக்கவில்லை. இத்தனை பெரிய வீட்டின் பொறுப்பு திடீரென்று தலையில் விழுந்தால் யாருக்குச் சிரிப்பு வரும்?

பையை வைத்ததும் வேலை ஆரம்பமானது. பட்டப்பகலில் எரிந்த வராந்தா விளக்குகளை எல்லாம் கஸ்பார் அணைத்துக்கொண்டே போனான். நூற்றுப்பத்தாம் நம்பர் அறையில் ஒருவர் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ஜன்னலையும் திறந்து வைத்திருந்தார். அவருக்கு நல்ல திட்டு கிடைத்தது. மெல்கியோர் துணி துவைத்து, வரவேற்பறைத் தூண்களுக்கு நடுவே கொடி கட்டிக் காயப்போட்டான். பல்தசார் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வந்தவர்களை எல்லாம் யார், எந்த ஊர், யாரைப் பார்க்க வேண்டும் என்று விசாரித்தான். சென்னையிலிருந்து தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடிக்குத் தண்ணீர் கொடுத்து, பிள்ளைகளை ஏன் கூட்டி வரவில்லை என்று கேட்டான்.

மதலேனாள் மட்டும் எதிலும் தலையிடவில்லை. குளித்து, பட்டுச்சேலை கட்டி, ஐந்து மணிக்கே சாப்பாட்டு மேஜையில் போய் உட்கார்ந்துவிட்டாள். மத்தியானமும் அவள் சாப்பிடவில்லை. வயிற்றில் இடம் வேண்டுமே.

ஆறரைக்கு மெழுகுவத்தி ஏற்றினார்கள். வெள்ளைக் கையுறை போட்ட ஒருவர் நாலு தட்டு கொண்டுவந்து வைத்தார். ஒவ்வொரு தட்டும் முறம் அகலம். நடுவில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துணுக்கு இறால். அதைச் சுற்றிப் பச்சையாக மூன்று சொட்டு.

தம்பிகள் மூவரும் அதைக் குனிந்து பார்த்தார்கள்.

"உப்பு பார்க்கக் குடுத்திருக்காங்க. வீட்டுக்காரங்ககிட்டதானே கேப்பாங்க" என்றான் மெல்கியோர்.

மூவரும் நக்கிப் பார்த்து, உப்பு சரிதான், இனி பந்தி போடலாம் என்று கையுறைக்காரரிடம் சொன்னார்கள். அக்கா தன் இறாலை முள்கரண்டியில் குத்தி வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோயிருந்தாள். பல்தசார் அவள் கையைப் பிடித்தான்.

"அக்கா, வீட்டுக்கு வந்தவங்க பசியோட இருக்காங்க. வீட்டுக்காரி முதல்ல சாப்பிடலாமா?"

அவள் சுற்றிப் பார்த்தாள். ஒன்பது மேஜையில் ஆட்கள் இருட்டில் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு துணுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

கஸ்பார் எல்லா விளக்குகளையும் போட்டான். மற்ற இருவரும் சமையலறைக்குள் போனார்கள். உயரத் தொப்பி வைத்த சமையல்காரர், ஏழு வகையும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று மறித்தார். பசித்தவர்களை இப்படியா காக்க வைப்பது என்று அவரையும் திட்டிவிட்டு, சட்டிகளோடு வெளியே வந்தார்கள். மீன், கோழி, காளான், பழக்கூழ், ஐஸ்கிரீம் எல்லாம் ஒரே தட்டில் ஒரே நேரத்தில் விழுந்தது. சாப்பிட வந்தவர்கள் இதுதான் இப்போதைய புது முறை போலிருக்கிறது என்று நினைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு நன்றாகச் சாப்பிட்டார்கள். நூற்றுப்பத்தாம் நம்பர்காரர் எழுந்து நின்று கைதட்டினார்.

அவர்கள் போனதும் வேலை செய்தவர்களின் பந்தி. சமையல்காரர், கையுறைக்காரர்கள், காவலாளி, கடைசியாக மேனேஜர்.

"ஐயோ, நீங்க முதல்ல சாப்பிடுங்க சார்" என்றார் மேனேஜர்.

"வீடு எங்களுதுன்னு சொன்னது யாரு?" என்று கேட்டான் கஸ்பார்.

மேனேஜர் கோட்டைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். உண்மையைச் சொன்னால், அந்த ஓட்டல் சாப்பாட்டை அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை ருசித்தார்.

ஒருவழியாக எல்லோரும் கை கழுவினார்கள். சட்டியில் இரண்டு துண்டு மீனும் கொஞ்சம் சோறும் மிச்சம் இருந்தன. மதலேனாளுக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

"லே, எனக்கு எப்பம்லே?"

"இப்பம்தான். உக்காருக்கா" என்றான் கஸ்பார். உடனே அவனுக்கே ஒரு சந்தேகம் வந்தது. "ஆனா யாரு பரிமாற?"

"நீங்க மூணு பேரும் சும்மாதானே நிக்கிய?"

"நம்ம வீட்ல நாங்க என்னைக்காவது உனக்குப் பரிமாறியிருக்கோமா?" என்றான் மெல்கியோர். குத்தலாகக் கேட்கவில்லை, நினைவுபடுத்திப் பார்த்துத்தான் கேட்டான். "வீடு மாதிரி நினைக்கணும்னா வீட்ல நடக்கிறதுதானே நடக்கணும்?"

"அப்போ நானே போட்டுத் திங்கவா?"

"அது நீ கேட்டதுக்கு மாறுல்லா. பிறந்தநாளும் அதுவுமா, நீ ஆசைப்பட்டது நடக்காண்டாமா?"

நாலு பேரும் தாடையில் கை வைத்து உட்கார்ந்தார்கள். பல்தசாருக்குத்தான் வழி தெரிந்தது. வீட்டுக்காரிக்குத்தானே பரிமாறுகிற வழக்கம் இல்லை? அக்கா வெளியே போய் விருந்தாளியாக வரட்டும். விருந்தாளிக்குப் பரிமாறாத வீடு உண்டா?

மதலேனாளுக்கு அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே போய், சேலையைச் சரிசெய்து, திரும்பி உள்ளே வந்தாள்.

"வாங்க, வாங்க" என்று மூவரும் வாசலுக்கு ஓடினார்கள். தண்ணீர் கொடுத்தார்கள். வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கஸ்பார் விசாரித்தான்.

"சௌக்கியம்தான். எனக்கு மூணு தம்பிங்க. தங்கமான பிள்ளைங்க. ஆனா கொஞ்சம் விவரம் பத்தாது."

"எல்லா வீட்லயும் அப்படித்தான் இருக்கு" என்று கஸ்பார் ஆறுதல் சொன்னான். "சாப்பிடுங்க."

இங்கேதான் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கொட்டாவிவிளையில் விருந்தாளியை மூன்று தரம் சாப்பிடச் சொல்வார்கள், அதற்கு மேல் வற்புறுத்துவது மரியாதை இல்லை. விருந்தாளியும் மூன்று தரம் வேண்டாம் என்பார், அதற்கு முன்னால் சம்மதிப்பது மரியாதை இல்லை. அந்த ஊரில் யாரும் யார் வீட்டிலும் சாப்பிட்டது கிடையாது.

"இப்பதான் சாப்பிட்டுட்டு வாறேன்" என்றாள் மதலேனாள், மீனைப் பார்த்துக்கொண்டே.

"கொஞ்சமா சாப்பிடுங்க."

"ஐயோ, வயித்துல இடமே இல்ல."

"ஒரு வாய்."

"அப்புறம் ஒரு நாள் பார்ப்போம்."

மூவரும் வருத்தத்தோடு தலையாட்டினார்கள். வற்புறுத்தவில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்து, ரோடு வரைக்கும் கூடவே வந்து வழியனுப்பிவிட்டு உள்ளே போய்விட்டார்கள்.

வாழைப்பழத்தைக் கொடுத்தவர்கள் முன்னால் தின்பது நாகரிகம் இல்லை என்று அதைப் பையில் வைத்திருந்தாள் மதலேனாள். அப்புறம் அது ஞாபகம் வரவில்லை. எதிரே ஒரு இட்லிக் கடை இருந்தது. பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். கடைக்காரர் ஒன்றுமே கேட்கவில்லை. இலையைப் போட்டார், நாலு இட்லி வைத்தார், சாம்பாரை ஊற்றினார். நாலும் எங்கே போயின என்று தெரியவில்லை.

"இன்னும் ரெண்டு வைக்கட்டாம்மா?"

மதலேனாள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. "வையுங்க" என்றாள். "வச்சிட்டு இன்னொரு தரம் கேளுங்க."

அவர் கேட்டார். கேட்டுக்கொண்டே இருந்தார். பதினாறு இட்லி ஆனது.

அந்தச் சமயம் தம்பிகள் மூவரும் அக்காவைத் தேடிக்கொண்டு வெளியே வந்தார்கள். விருந்தாளி போயாயிற்று, அக்காவை இன்னும் காணோமே. ரோட்டைத் தாண்டியதும் கடை வெளிச்சத்தில் அந்த விருந்தாளி தெரிந்தாள். அப்படியே நின்றுவிட்டார்கள்.

"வயித்துல இடமே இல்லைன்னா. நம்ம வீட்ல கை நனைக்க மனசில்லாம, இங்க வந்து எப்படித் திங்கா பாரு" என்றான் மெல்கியோர்.

மூவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு திரும்பிவிட்டார்கள்.

கொஞ்ச நேரத்தில் அக்கா வந்து சேர்ந்தாள். நடந்ததை எல்லாம் மூவரும் அவளிடம் சொன்னார்கள். அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்டாள். கேட்கக் கேட்க அவளுக்கும் கோபம் ஏறியது.

"அப்படிப்பட்டவளை அடுத்த வருஷம் என் பிறந்தநாளுக்குக் கூப்பிடவே கூடாது" என்றாள் மதலேனாள்.