உறுமாமல் நின்ற காட்டுப்பன்றி

காட்டுக் குளத்துக்குக் கீழே, பள்ளத்தில், ஒரு கீரி வளை தோண்டிக் குடியிருந்தது. போன மழைக்குக் கரை உடைந்து பள்ளத்தில் வெள்ளம் புகுந்தது. அது பெற்ற குட்டிகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. இந்த மழைக்கு மூன்று குட்டிகள் பிறந்திருந்தன.

மேட்டுக்குப் போய்விடலாமே என்கிறீர்களா? மேடெல்லாம் பாறை. பாறையில் கீரி எப்படி வளை தோண்டும்?

வருஷா வருஷம் கரையைக் கட்டுவது நான்கு பேர். கரடி கல் அடுக்கும். காட்டுப்பன்றி கல்லிடுக்கில் வேரைத் திணிக்கும். எருமை அதன்மேல் சேறு பூசும். சேறு கரையாதபடி தூக்கணாங்குருவி புல் பின்னி மூடும். ஒன்றில்லாமல் இன்னொன்று நிற்காது. ஆனால் நால்வரும் காட்டின் நான்கு மூலையில் இருந்தார்கள். கீரிதான் ஓடி ஓடிக் கூப்பிடும். போன வருஷம் அந்த ஓட்டத்தில் வரிசை தப்பிவிட்டது. வேர் திணிப்பதற்கு முன்பே எருமை சேற்றைப் பூசிவிட்டது. அதனால்தான் கரை உடைந்தது.

இந்த முறை கீரி நால்வரையும் ஒன்றாகக் கூட்டியது.

"இனிமே நான் வந்து கூப்பிட மாட்டேன். கரை கசிஞ்சா கரடி அண்ணன் தொடங்கட்டும். அவங்கவங்க வேலை முடிஞ்சதும் குரல் கொடுங்க. அதைக் கேட்டு அடுத்தவங்க தானா வரணும். நான் இருந்தாலும் இல்லாட்டாலும் கரை எழும்பணும்."

"கூப்பிட ஆள் வரலைன்னு இனிமே தூங்கவும் முடியாது" என்று எருமை அக்கா பெருமூச்சு விட்டது.

மறுநாளே செய்து பார்த்தார்கள். நான்கு குரலும் வரிசையாகக் கேட்டன. மதியத்துக்குள் கரை எழும்பிவிட்டது. கீரி கிட்டே போய்க் காதை வைத்துக் கேட்டது. உள்ளே தண்ணீர் சலசலத்தது. நகத்தால் கீறிப் பார்த்தது. புல்லுக்கு அடியில் சேறு. சேற்றுக்கு அடியில் வெறும் ஓட்டை.

"பன்றி மாமா, வேர் எங்கே?"

"பாதி திணிச்சேன். பசி வந்துடுச்சு. உறுமிட்டுக் கிழங்கு தோண்டப் போயிட்டேன். அதான் குரல் கேட்டு எல்லாரும் வந்தாங்களே, அப்புறம் என்ன?"

கீரி பன்றியின் முன்னால் வந்து நின்றது. "என் குட்டிங்க இந்தப் பள்ளத்துல மிதந்ததை நீங்களும்தானே பார்த்தீங்க? உங்க குரல் வந்து தண்ணியைத் தடுக்குமா, மாமா?"

பன்றி தலையைத் தொங்கப்போட்டது.

கட்டியதையெல்லாம் பிரித்தார்கள். கீரி முறையை மாற்றியது.

"கரை கசிஞ்சா கரடி அண்ணன் கத்தட்டும். அதுக்கப்புறம் செஞ்சவங்க குரல் கொடுக்க வேண்டாம். ஒரு குரல் கேட்டதும் அடுத்தவங்க வந்து காத்திருங்க. முன்னே செஞ்ச வேலையை முட்டிப் பாருங்க, மிதிச்சுப் பாருங்க. சரியா இருந்தா குரல் கொடுத்துட்டு உங்க வேலையைத் தொடங்குங்க. இல்லைன்னா வாயைத் திறக்காதீங்க. யார் கெஞ்சினாலும் திறக்காதீங்க."

"எல்லாம் சரி. கடைசியா நான் பின்னினதை யார் பார்ப்பாங்க?" என்றது குருவி.

"என் குட்டிங்க பார்க்கும். வளைக்குள்ளே தண்ணி வரலைன்னா அதுங்க கத்தும்."

அந்த முறைப்படியே கரையை மறுபடி கட்டி முடித்தார்கள். ஐப்பசி வந்தது. ஒரு நாள் கீரி இரை தேடி ஓடையைத் தாண்டிப் போயிருந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. ஓடை பெருகித் திரும்பும் வழியை அடைத்துவிட்டது. அப்போது குளத்துப் பக்கமிருந்து கரடியின் கத்தல் கேட்டது. கரை கசிகிறது.

அடுத்து பன்றி உறுமவேண்டும். உறுமல் வரவில்லை. கீரி மழையில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டது. இன்னும் வரவில்லை. 'உறுமிடுங்களேன், மாமா' என்று தொண்டை வரை வந்துவிட்டது. தான் போட்ட விதியை நினைத்து விழுங்கிக்கொண்டது.

அங்கே கரையில் கரடி பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. "தண்ணி ஏறுதுய்யா, உறுமித் தொலையேன்."

பன்றி மூக்கால் ஒரு முட்டு முட்டியது. அடுக்கிய கல் உருண்டு போனது. "கல்லு ஆடுது, பங்காளி. பிரிச்சு அடுக்கு."

"ஒரே ஒரு கல்லுதானே."

"போன வருஷம் அந்தக் குட்டிங்களைப் பார்த்தவன் நான். நீ அடுக்கு. நான் பிடிச்சுக்கிறேன்."

கரடி முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடுக்கியது. பன்றி மறுபடி முட்டிப் பார்த்தது. இந்தத் தடவை கல் அசையவில்லை.

அக்கரையில் நின்ற கீரிக்கு உறுமல் கேட்டது. வெகுநேரம் கழித்து எருமையின் கத்தல் கேட்டது. அதற்கும் பிறகு குருவியின் குரல் வந்தது. மழை மெல்ல விட்டது. கீரி பள்ளத்துப் பக்கம் காதைத் திருப்பியது.

பள்ளத்திலிருந்து கீச்சென்று ஒரு குரல் வந்தது. பிறகு இன்னொன்று. கொஞ்சம் பொறுத்து மூன்றாவதும் வந்தது. கீரி ஈரமண்ணிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டது.

பலர் கைமாறிச் செய்யும் வேலையில், முன்னவர் செய்ததைச் சோதித்து, சரியில்லையென்றால் அங்கேயே நிறுத்தும் துணிவு ஒவ்வொருவருக்கும் இருந்தால்தான், கூப்பிட ஆளில்லாத நாளிலும் அந்த வேலை தானாக ஒழுங்காக நடக்கும்.