பேண்டு செட்டில் ஒருவர் அதிகம்

"டீச்சர், எங்க செட்டில ஒரு ஆளைக் குறைக்கணும்" என்றார் எபனேசர்.

ரோஸ்லின் டீச்சர் ஒரு பழைய ஆர்மோனியத்தைத் திறந்து வைத்திருந்தார். உள்ளே இருந்த தூசியை ஊதினார்.

"ஏன்?"

"ஆறு பேர் ஆயிட்டோம். சத்தம் இருக்கு, பாட்டு இல்லை. போன வருஷம் கூப்பிட்ட ரெண்டு கோயில்ல இந்த வருஷம் கூப்பிடல."

டீச்சர் எபனேசரைவிட ஆறு வயது இளையவர். ஆனாலும் ஊரில் வாத்தியம் வாசிக்கிற எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

"யாரைக் குறைக்கலாம்னு நினைக்கிறீங்க?"

எபனேசர் வாசல் பக்கம் பார்த்தார். மற்ற ஐந்து பேரும் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"தாவீதை" என்றார்.

பதினோரு வருடங்களுக்கு முன்பு செட்டில் இருந்தது இரண்டே பேர். எபனேசரின் டிரம்பெட், தாவீதின் கிளாரினெட். பிறகு பெரிய டிரம்மோடு குருபாதம் வந்தார். அதற்குப் பிறகு சின்ன டிரம், ஜால்ரா. கடைசியாக சாக்ஸபோன்.

"தாவீது என்ன தப்பு செஞ்சார்?"

"நான் ஊதும்போது நடுவில நடுவில மூக்கை நுழைக்கிறான். இதை நான் சொன்னா அப்புறம் என் முகத்தில முழிக்க மாட்டான். நீங்க சொன்னா கேட்டுக்குவான்."

"உங்க வேலையை என் தலையில வைக்கிறீங்க."



டீச்சர் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை ஆறாகக் கிழித்தார். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று ஒவ்வொன்றையும் மடித்தார்.

"எல்லாரையும் கூப்பிடுங்க."

வந்தார்கள். ஆளுக்கு ஒரு சீட்டு கொடுத்தார்.

"சீட்டில 'வாசிக்காதே'ன்னு எழுதியிருந்தா, சத்தம் வராம கையை மட்டும் அசைக்கணும். சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. பாட்டு முடிஞ்சதும், வாசிக்காதது யாருன்னு சொல்லணும். ஒருத்தர் இல்லாதது யாருக்குமே தெரியலைன்னா, அவரைக் குறைச்சிடலாம்."

குருபாதத்தின் முகம் மாறியது. சாக்ஸபோன்காரர் தன் சீட்டை இரண்டு முறை பார்த்தார்.

"இப்போ எல்லாரும் சுவரைப் பார்த்து நில்லுங்க."

"ஆறாம் வகுப்பில இப்படித்தான் நின்னேன் டீச்சர்" என்றார் குருபாதம். "அப்போ பெருக்கல் வாய்ப்பாடு."

யாரும் சிரிக்கவில்லை.

எபனேசர் தன் சீட்டைப் பிரித்தார். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை. தாவீதிடம்தான் அந்தச் சீட்டு போயிருக்கும் என்று நினைத்தார். டீச்சர் கெட்டிக்காரர்.

பவனியில் வாசிக்கும் மெட்டைத் தொடங்கினார்கள்.

கிளாரினெட் கேட்கிறதா என்று எபனேசர் காதைத் தீட்டினார். தன் டிரம்பெட் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் மெதுவாக ஊதினார். சின்ன டிரம் கேட்டது. இன்னும் மெதுவாக ஊதினார். ஜால்ரா கேட்டது. சாக்ஸபோன் தாழ்ந்த சுரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டாவது அடியின் நடுவில் மூச்சு வாங்கினார். எப்போதும் அந்த இடத்தில்தான் வாங்குவார்.

அந்த இடைவெளியில் கிளாரினெட் மூன்று சுரம் ஏறியது. அவர் திரும்ப வந்து சேர வேண்டிய சுரத்தில் போய் நின்றது. அவர் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது.

மூன்றாவது அடியிலும் அப்படியே. நான்காவதிலும்.

பாட்டு முடிந்தது.

"யார் வாசிக்கல?" என்றார் டீச்சர்.

"எபனேசர் அண்ணன்" என்றார் குருபாதம்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார் சாக்ஸபோன்காரர்.

சின்ன டிரம்காரரும் ஜால்ராக்காரரும் தலையாட்டினார்கள்.

"எப்படிச் சொல்றீங்க?"

"இன்னைக்கு என் டிரம் எனக்கே கேட்டுச்சு டீச்சர்" என்றார் குருபாதம்.

எபனேசர் தன் சீட்டை எடுத்து ஆர்மோனியத்தின் மேல் வைத்தார். வெறும் காகிதம்.

குருபாதம் அதைப் பார்த்துவிட்டுத் தன் சீட்டையும் வைத்தார். அதுவும் வெறும் காகிதம். ஒவ்வொருவராக வைத்தார்கள். ஆறிலும் எழுத்து இல்லை.

டீச்சர் மறுபடி தூசி ஊத உட்கார்ந்துவிட்டார்.

எபனேசர் தாவீதின் பக்கம் திரும்பினார்.

"ரெண்டாவது அடியில மூணு சுரம் வச்சியே. அதை எப்போ சேர்த்த?"

"புதுசா ஒண்ணும் சேர்க்கலியே" என்றார் தாவீது. "எப்பவும் வாசிக்கிறதுதான். நீ மூச்சு வாங்கணும்லா?"